நிச்சயம் நின்றுவிட்டது, படங்கள் அவனிடமே இருக்கின்றன: என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:

வணக்கம். என் சித்தி மகளுக்காகக் கேட்கிறேன். வயது 26. ஊர், வேலை விவரம் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

ஆவணியில் நிச்சயம் நடந்தது. தையில் கல்யாணம் என்று மண்டபம் வரை பேசியாயிற்று. நடுவில் ஒத்துவராமல் நின்றுபோனது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். என் மாமா ஒரு நோட்டுத் தாளில் வரிசையாக எழுதினார்: மோதிரம், நிச்சயப் பட்டு, மண்டப அட்வான்ஸில் பாதி, பத்திரிகை அடித்த செலவு. ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்கி, பக்கத்தில் டிக் போட்டு, கடைசியில் இரண்டு தரப்பும் கையெழுத்துக்கூடப் போட்டார்கள்.

அந்தத் தாளில் வராத ஒன்று இருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அவள் அவனுக்கு அனுப்பிய சில படங்கள். எந்த மாதிரிப் படங்கள் என்று விளக்க வேண்டியதில்லை. போனில் அழித்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "நீயாகத்தானே அனுப்பினாய். நான் யாருக்கும் காட்டப் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், உனக்கென்ன?" என்றிருக்கிறான்.

மிரட்டவில்லை. பணம் கேட்கவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. அதுதான் குழப்பம். போலீஸுக்குப் போகும்படி எதுவும் நடக்கவில்லை, ஆனால் அவளுக்குத் தூக்கம் இல்லை. சித்தி, சித்தப்பாவுக்கு எதுவும் தெரியாது. அழிக்கச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டா? யாரிடம் போவது?

தேனிக்காரன்:

கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அப்படிப் படம் அனுப்பியதே தப்பு. கொட்டிய பாலை அள்ள முடியுமா? அவனும் யாருக்கும் காட்டமாட்டேன் என்றுதானே சொல்கிறான். கிளறாமல் விட்டால் அவனே மறந்துவிடுவான்.

மொட்டைமாடி:

தேனி அண்ணே, அனுப்பியது சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை. அவன் வைத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. நீங்கள் நைசாக அவனை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அவள் அந்தப் படங்களை ஒரு ஆண்பிள்ளைக்கு அனுப்பவில்லை. தை மாதம் தாலி கட்டப்போகிறவன் என்று ஊரே சொன்ன ஒருவனுக்கு அனுப்பினாள். இப்போது அவன் அந்த ஆள் இல்லை. நாளைக்கு வேறு பெண்ணைக் கட்டப்போகிறவன். "நீயாகத்தானே அனுப்பினாய்" என்பது அன்றைக்குச் சரியாக இருக்கலாம், இன்றைக்கு அதை வைத்துக்கொள்ள அவள் சம்மதிக்கவில்லையே. மோதிரத்தைக்கூட அவளாகத்தான் போட்டுவிட்டாள். அதை ஏன் திருப்பிக் கொடுத்தான்?

"யாருக்கும் காட்டமாட்டேன்" என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. காட்டப் போவதில்லை என்றால் வைத்திருந்து என்ன செய்யப் போகிறான்?

கோர்ட்_வாசல்:

வழக்கறிஞராக இருக்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும். உங்கள் விஷயத்துக்கு நேரில் ஒருவரைப் பாருங்கள்.

முதலில் அவன் படத்தை இன்னொருவருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். இதில் சட்டம் தெளிவு. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி சேர்த்தார்கள். அது இப்போது, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-வது பிரிவு, 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விளக்கத்தில் ஒரு வரி உண்டு: படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், மூன்றாவது ஆளுக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். முதல் முறை குற்றம் நிரூபணமானால் 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவிலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். பாலுறவுக் காட்சி என்றால் 67ஏ, முதல் முறைக்கே 5 ஆண்டு வரை போகும். ஆகவே "நீயாகத்தானே அனுப்பினாய்" என்ற வாதம் பரப்பும் விஷயத்தில் செல்லாது.

அடுத்தது மிரட்டல். "வெளியே விட்டுவிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே அதே சன்ஹிதாவின் 351-வது பிரிவு வரும், அதை வைத்துப் பணமோ வேறெதுவுமோ கேட்டால் 308. படம் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கேள்வி இந்த இரண்டிலும் வரவில்லை. வயது வந்த ஒருவர் சம்மதித்து அனுப்பிய படத்தைச் சும்மா வைத்திருப்பது மட்டுமே குற்றம் என்று நேராகச் சொல்லும் பிரிவு நம்மிடம் இல்லை. இது ஒரு ஓட்டை என்பது என் அபிப்பிராயம். (18 வயதுக்குக் கீழ் என்றால் கதையே வேறு. அம்பத்தூரில் தொடங்கிய ஒரு வழக்கில், சிறுவர்களின் ஆபாசக் காட்சிகளைப் பதிவிறக்கி வைத்திருந்தது மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.)

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: போனில் வாய்வார்த்தையாகக் கேட்டதை எழுத்தில் கேட்க வேண்டும்.

தேனிக்காரன்:

சரி, சட்டம் புரிந்தது. நான் அவளைக் குறை சொல்ல வரவில்லை, மொட்டைமாடி தங்கச்சி கொஞ்சம் சூடு. ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அழித்துவிட்டேன் என்று அவன் சொன்னால் அதை எப்படி நம்புவது?

செல்கடை:

இதற்கு நான் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன்.

நம்ப முடியாது. அதுதான் உண்மை. ஆனால் ஒரே ஒரு படம் ஒரு போனில் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று தெரிந்தால், சரியாகக் கேட்கவாவது முடியும். வாட்ஸ்அப் சாட்டில் இருக்கும். அங்கிருந்து தானாக கேலரிக்கு இறங்கியிருக்கும். அந்த போல்டருக்கு கூகுள் போட்டோஸ் பேக்கப் போட்டிருந்தால் கிளவுடில் இருக்கும். அதே ஜிமெயில் போட்ட வீட்டு டேப், பழைய போன் எல்லாவற்றிலும் தெரியும். வாட்ஸ்அப் பேக்கப் தனியாக கூகுள் கணக்கில் கிடக்கும். பையன் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து டவுன்லோட் செய்திருந்தால் அது வேறு. "கேலரியில் அழித்துவிட்டேன்" என்று ஒருவன் சத்தியம் செய்துவிட்டுப் போவான், அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான், ஆனால் படம் மற்ற இடங்களில் அப்படியே இருக்கும்.

கடையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும் போனுக்கு, பரிசோதிக்க வேண்டும் என்று பாஸ்வேர்டையும் கேட்கிறார்கள். பாதிப் பேர் பில்லின் பின்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாலை வரை அந்த போன் மேஜை மேல் திறந்து கிடக்கும். நான் பையன்களைக் கேலரி பக்கம் போக விடமாட்டேன், எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லமாட்டேன். அதனால் அவன் எவ்வளவு நல்லவன் என்பது பாதி விஷயம்தான். அவன் போன் யார் யார் கைக்குப் போகும் என்பது மீதி.

அனுப்பி இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் "எல்லோருக்கும் நீக்கு" வேலை செய்யாது. அவள் தன் பக்கத்தில் சாட்டை அழித்துவிட வேண்டாம். பயத்தில் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள், அப்புறம் கையில் ஆதாரமே இருக்காது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சேர்க்க வேண்டும். இதைச் சொல்ல அவளுக்கே நேரமாயிற்று.

அவளாக அனுப்பவில்லை. நிச்சயம் முடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். முடியாது என்றால் இரண்டு நாள் பேசமாட்டான். "கல்யாணமே ஆகப்போகிறது, என்மேல் நம்பிக்கை இல்லையா", "என் பிரண்ட்ஸ் எல்லாம் அவர்கள் வருங்காலத்தோடு எப்படி இருக்கிறார்கள் தெரியுமா" என்று. ஒருநாள் அவள் ஆபீஸ் கழிவறையில் நின்று அழுதுகொண்டே ஒன்று எடுத்து அனுப்பியிருக்கிறாள். முதல் படம் அதுதான். அதற்கப்புறம் மறுக்கக் காரணமே இல்லாமல் போயிற்று என்கிறாள், "அன்றைக்கு அனுப்பினாயே" என்பான்.

அந்தக் கெஞ்சல், கோபம் எல்லாம் சாட்டில் அப்படியே இருக்கிறது.

அரட்டை_அத்தை:

படித்ததும் வயிறு கலங்கியது. இது என் தலைமுறையிலும் இருந்தது கண்ணா, போன்தான் இல்லை. நிச்சயம் ஆனவுடன் பையன் வீட்டுக்கு எல்லா உரிமையும் வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

என் பெண்ணுக்கு நான் சொல்லிவைத்தது: ஒரு தடவை சரி என்றதால் அடுத்த தடவைக்கும் சரி என்றாகாது. அவள் புருஷனுக்கும் இதைச் சொல்லியிருக்கிறாள், அவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். முகம் சுளித்திருந்தால் அப்போதே யோசித்திருப்போம்.

மொட்டைமாடி:

அத்தை சொன்னதோடு சேர்த்து ஒன்று. இரண்டு நாள் பேசாமல் இருந்து, நம்பிக்கையைப் பிணை வைத்து வாங்கியதை "நீயாகத்தானே" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அவள் அனுப்பியதே தப்பு என்று எழுதியவர்கள் மேலே உள்ள பதிவை இன்னொரு தரம் படிக்கலாம்.

ரைன்_கரை:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். கோர்ட் வாசல் சொன்ன அந்த ஓட்டை இங்கே அடைபட்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு பெண், தொழில்முறைப் புகைப்படக்காரரான முன்னாள் காதலரிடம் இருந்த தன் அந்தரங்கப் படங்களை அழிக்கச் சொல்லி வழக்குப் போட்டார். எல்லாம் சம்மதத்தோடு எடுத்தவை, சில அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்தவை. அந்த ஆள் எங்கேயும் வெளியிடவும் இல்லை, வெளியிடுவேன் என்று மிரட்டவும் இல்லை. ஏறக்குறைய உங்கள் சித்தி மகள் கதைதான். 2015 அக்டோபரில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அழித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சம்மதம் உறவு இருக்கும்வரைக்கும் கொடுத்தது, உறவு முடிந்தால் அதைத் திரும்பப் பெறலாம் என்பது காரணம். இன்னொருவரின் அந்தரங்கப் படங்களை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கையில் வைத்திருப்பதே அவர்மேல் ஒரு அதிகாரம் என்ற பொருளில் நீதிமன்றம் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆனால் எல்லாப் படத்தையும் அழிக்கச் சொல்லவில்லை. உடையோடு இருக்கும் சுற்றுலாப் படம், பண்டிகைப் படம் எல்லாம் இருக்கலாம் என்றார்கள். அது நியாயம்தான்.

கோர்ட்_வாசல்:

அருமை, ரைன் கரை. இங்கே அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவாதா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். உதவாது. தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கம்பெனிகளைப் பிடிக்க வந்த சட்டம், முன்னாள் மாப்பிள்ளையைப் பிடிக்காது.

காவிரிக்கரை, அந்த சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைக்கச் சொல்லுங்கள். போனை மாற்ற வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரம் கொடுக்கும்போது சான்றிதழ் இணைக்க வேண்டும், மூல போன் கையில் இருந்தால் அது சுலபம்.

கரிசல்_பையன்:

ஆண்களுக்கும் இது நடக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். பேஸ்புக்கில் ஒரு பெண் பெயரில் நட்பு அழைப்பு, அப்புறம் வீடியோ கால், பத்தே நொடியில் ஸ்கிரீன் ரெக்கார்டிங். உடனே என் அக்கா, மாமா, ஹெச்ஓடி பெயர்களைப் பட்டியல் போட்டு அனுப்பினார்கள். முதலில் கேட்டதைக் கொடுத்தேன். அரைமணியில் இன்னும் கேட்டார்கள். கொடுத்தால் நிற்காது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. லோன் ஆப்காரர்களும் இப்படித்தான், கடன் வாங்கியவர் முகத்தை ஒட்டிப் படம் செய்து காண்டாக்டில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள்.

வக்கீல் மேடம், 77-வது பிரிவு ஆணுக்கு உண்டா?

கோர்ட்_வாசல்:

பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால்தான் 77. உங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ எல்லாம் பொருந்தும், அவற்றில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பணம் கேட்டதால் 308-ம் உண்டு. நீங்கள் புகார் கொடுத்தது நல்ல காரியம்.

தேனிக்காரன்:

நான் ஒரு யோசனை சொல்கிறேன், திட்டாதீர்கள். பெண்ணுக்கு அண்ணன் தம்பி, மாமா யாராவது நாலு பேர் போய் அந்த போனைப் பிடுங்கி உடைத்தால் விஷயம் முடிந்தது. அல்லது அந்த நோட்டுத் தாள் எழுதிய மாமாவிடம் சொல்லுங்கள், அவர் பையனின் அப்பாவிடம் பேசட்டும்.

செல்கடை:

போனை உடைத்தால் உங்கள் ஆட்கள்மேல் கேஸ் வரும், படம் கிளவுடில் பத்திரமாக இருக்கும். புது போன் வாங்கி லாகின் செய்தால் முழுதும் இறங்கிவிடும். இதைவிட முட்டாள்தனமான வழி கிடையாது, மன்னிக்கவும்.

மொட்டைமாடி:

மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் இல்லை. அவன் அவளைக் கேட்காமல் வைத்திருக்கிறான் என்று கோபப்படுகிறோம். நாமும் அவளைக் கேட்காமல் குடும்பத்தில் நாலு பேரிடம் சொன்னால்?

அரட்டை_அத்தை:

நான் இதில் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் இந்தப் பிள்ளை தனியாக எத்தனை நாள் சுமப்பாள்? முதலில் திட்டு விழும், அடுத்த நாள் அந்த அம்மாதான் கூட வந்து நிற்பாள். எல்லா அம்மாவும் அப்படி இல்லை என்று சொல்வீர்கள். தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

நடத்துநர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்று "படம் எப்படி இருக்கும்" என்ற கேலி. மற்றது பையனின் ஊரை ஊகித்து எழுதியது. அடுத்த முறை கணக்கு முடக்கப்படும். தொடருங்கள்.

வைகைப்_புயல்:

ஒருவேளை படம் வெளியே வந்துவிட்டால் என்ன வழி என்பதையும் எழுதுங்களேன், இந்த இழையைத் தேடி வருகிறவர்கள் அந்த நிலையில் இருக்கலாம்.

கோர்ட்_வாசல்:

நல்ல கேள்வி. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். வழக்கு நடக்க வேண்டும் என்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது. படம் இருக்கும் தளத்துக்கும் நேரடியாகப் புகார் அனுப்புங்கள். 2021-ல் வந்த விதிகள் இந்த வகைப் படத்தைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொன்னது. மார்பிங், டீப்பேக்குக்கும் அது பொருந்தும். பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும் என்றில்லை, அவர் சார்பில் இன்னொருவரும் கொடுக்கலாம்.

ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு இலவசத் தளம் 2021 டிசம்பரில் வந்தது. படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு ரகசிய எண் உருவாகி, அந்த எண் மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போலச் சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படத்தை யாராவது ஏற்றினால் பிடிபடும். வெளியே வருவதற்கு முன்பே செய்து வைக்கலாம் என்பதுதான் இதில் விசேஷம். ஆனால் வாட்ஸ்அப்பில் கைமாறுவதை இது தடுக்காது. 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். சிறுவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக உண்டு.

ஸ்டேஷன் பக்கம் எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையும் அரசாணையுமே வெளியிட்டன. அதற்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது என்றாலும், அந்தப் பெயர் வெளியான பயம் இன்றும் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளியை 48 மணி நேரத்தில் நீக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எப்ஐஆரில் அவர் பெயர் இருந்ததையும் கண்டித்தார். ஒரு இடத்தில் நீக்கினால் வேறு தளத்தில் அது மறுபடி தலைகாட்டியது. ஒரு வக்கீலுக்கே இந்தப் பாடு. ஆகவே போகும்போது தனியாகப் போகாதீர்கள். பெயரை மறைக்கச் சொல்லி முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

காவிரிக்கரை:

நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் இந்த இழையைக் காட்டினேன். முதலில் அழுதாள், அப்புறம் தேனிக்காரன் அண்ணனின் முதல் பதிவைப் பார்த்துச் சிரித்தாள். "இவர் எங்கள் அப்பா மாதிரியே பேசுகிறார்" என்றாள்.

அவளே எழுதிய செய்தி இது, அவள் அனுமதியோடு போடுகிறேன்: "நமக்குள் உறவு முடிந்துவிட்டது. நான் உனக்கு அனுப்பிய அந்தரங்கப் படங்களை நீ வைத்திருக்க எனக்குச் சம்மதம் இல்லை. சாட், கேலரி, கூகுள் போட்டோஸ், பேக்கப், லேப்டாப் எல்லாவற்றிலும் அழித்துவிட்டு, அழித்தேன் என்று இதே இடத்தில் எழுத்தில் சொல். யாருக்காவது அனுப்பியிருந்தால் அதையும் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் மூலம் நோட்டீஸ் வரும்."

மிரட்டலாகத் தெரியுமோ என்று பயந்தாள். கோர்ட் வாசல் மேடம் தனிச்செய்தியில் பார்த்து, ஒரே ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. ஒருநாள் முழுக்கப் பதில் இல்லை. அப்புறம் "இவ்வளவு சீன் போட என்ன இருக்கிறது" என்று ஒன்று. ராத்திரி, அழித்துவிட்டதாகவும் யாருக்கும் அனுப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறான். கேட்காமலே கூகுள் போட்டோஸ் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் அனுப்பினான். முழுக்க நம்புகிறாளா என்றால் இல்லை. ஆனால் "அழித்துவிட்டேன்" என்று அவன் கையெழுத்தாக ஒன்று அவளிடம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது வெளியே வந்தால் அவன் பேச்சு மாற்ற முடியாது. சித்தியிடம் அவளே சொல்லப் போகிறாளாம், எப்போது என்று சொல்லவில்லை.

கோர்ட்_வாசல்:

அந்தப் பதிலையும் எக்ஸ்போர்ட்டில் சேர்த்து, உங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு மெயிலில் போட்டு வையுங்கள். நோட்டீஸ் இப்போது தேவையில்லை. வரைவு என்னிடம் இருக்கட்டும்.

செல்கடை:

ஸ்கிரீன்ஷாட்டில் கீழே குப்பைத்தொட்டி காலியா என்று பாருங்கள். பேக்கப் ஆன படம் கூகுள் போட்டோஸ் குப்பையில் 60 நாள் இருக்கும், ஒரே தட்டில் திரும்ப வந்துவிடும். குப்பையையும் காலி செய்யச் சொல்லி ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்.

வைகைப்_புயல்:

ஐபோனாக இருந்தால்?

செல்கடை:

அதிலும் "சமீபத்தில் நீக்கியவை" என்று தனி ஆல்பம் உண்டு, 30 நாள் வரை இருக்கும். ஐகிளவுட் போட்டிருந்தால் ஐபேடிலும் பார்க்கச் சொல்லுங்கள்.